ஆளுக்கொரு நியாயம் இல்லாமல்: ஆன்லைன் கேமிங் குழுவில் புகார்களைக் கையாள முழுமையான வழிகாட்டி

ஒரே கெட்ட வார்த்தைதான். டோர்னமெண்ட் டீமின் கேப்டன் சொன்னால் "மேட்ச் டென்ஷன், விடுங்க" என்று போய்விடுகிறது. நேற்று சேர்ந்தவர் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பேன், அதாவது குழுவிலிருந்தே வெளியேற்றம். கேமிங் குழு நடத்துகிற யாரைக் கேட்டாலும் "நாங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தீர்ப்பு எழுத உட்காரும்போது பெரும்பாலான மாட்கள் (குழுவை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர்கள்) நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். கோணல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. யாருடைய புகார் கணக்கில் வந்தது, யாருடையது "சும்மா புலம்பல்" ஆகிப்போனது, யாரிடம் விளக்கம் கேட்டோம், யாரைக் கேட்காமலே கதையை முடித்தோம் என்பதில்தான் பாரபட்சம் குடியிருக்கிறது.

அதனால் மாடரேட்டரின் மனசைத் திருத்துவது எப்படி என்று இங்கே பேசப்போவதில்லை. புகார் வருகிற பாதையைச் சீர்செய்வது எப்படி என்பதுதான் விஷயம். இருபது பேர் கொண்ட கிளானுக்கும் (சேர்ந்து ஆடும் அணி) இருபதாயிரம் பேர் கொண்ட சர்வருக்கும் அடிப்படை ஒன்றே. பெரும்பாலான குழுக்கள் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் இருப்பதால் அதையே அடிக்கடி உதாரணமாக எடுத்திருக்கிறேன்.

படி 1: விதிகளைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களாக எழுதுங்கள்

"மரியாதையாக நடந்துகொள்ளவும்", "டாக்சிக்காக இருக்கக் கூடாது" போன்ற விதிகள் பார்க்க நன்றாக இருக்கும். புகார் வந்தால் உதவாது. டாக்சிக் என்பது அன்றைக்கு ட்யூட்டியில் இருக்கும் மாடின் மனநிலையைப் பொறுத்து மாறும். மூன்றாவது ஆள் ஒருவர் சாட் லாகை (பேச்சின் பதிவை) படித்துவிட்டு "ஆமாம், இது நடந்திருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்ல முடிகிற மாதிரி ஒவ்வொரு விதியும் இருக்க வேண்டும்.

உதாரணமாக: "எதிரணியின் ஆட்டத்தைக் கிண்டல் செய்யலாம். ஆளின் பிறப்பு, மதம், நிறம், பாலினம், உடல், குடும்பம், பேச்சு வழக்கு இவற்றைத் தொடக் கூடாது. நிறுத்தச் சொன்ன பிறகும் தொடர்ந்தால் அது தொந்தரவு." இதில் சண்டைக்கு இடம் குறைவு. கலாய்ப்பதை முழுக்கத் தடை செய்யப் பார்க்காதீர்கள். எந்த கேமிங் குழுவிலும் அது நடக்காது. நடக்காத விதியை வைத்திருந்தால் அதை, உங்களுக்குப் பிடிக்காத ஆள்மீது மட்டும் எடுத்து வீசத் தோன்றும்.

கேமுக்குள் நடக்கிற துரோகம் புகாருக்குள் வருமா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஈவ் ஆன்லைன் கேமில் ஏமாற்றுவது, கூட்டணியின் கஜானாவைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது எல்லாம் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே அனுமதிக்கப்படுகிறது. கூட்டாகக் கட்டிய மைன்கிராஃப்ட் உலகில் அதையே செய்தால் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். உங்கள் குழு எந்தப் பக்கம்? லூட் (கேமில் கிடைக்கும் பொருள்) பங்கீடு, டீம்கில் (சொந்த அணி ஆளையே கொல்வது), வேண்டுமென்றே தோற்பது, எதிராளியின் நேரலை ஸ்ட்ரீமைப் பார்த்துக்கொண்டே வந்து அடிப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். தனி மெசேஜிலோ வேறு சர்வரிலோ நடந்ததை எடுத்துக்கொள்வீர்களா என்பதற்கும் ஒரு வரி. என் கருத்து: இருவரும் உங்கள் உறுப்பினர்கள், சண்டையும் உங்கள் இடத்தில் தொடங்கியது அல்லது அங்கே வந்து வழிகிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தண்டனைப் படிக்கட்டு. பொதுவளங்களை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் தாக்குப்பிடித்த அமைப்புகளில் பொதுவாகக் கண்ட அம்சங்களில் ஒன்று, தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. இன்னொன்று, தகராறைத் தீர்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே, செலவில்லாத ஒரு வழி இருப்பது. கேமிங் குழுவுக்கு இரண்டும் அப்படியே பொருந்தும். எழுத்தில் எச்சரிக்கை, ஒரு நாள் டைம்அவுட் (பேச முடியாதபடி தற்காலிகத் தடை), ஒரு வாரம், பிறகு பேன் என்பது நடைமுறையில் சரியாக வரும். ஆறு மாதம் சுத்தமாக இருந்தால் பழைய எச்சரிக்கை காலாவதி என்றும் சேர்த்துவிடுங்கள். படிக்கட்டைத் தாண்டி நேரே வெளியேற்றும் குற்றங்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள்: ஒருவரின் முகவரியையோ போன் நம்பரையோ வெளியிடுவது, கொலை மிரட்டல், சிறுவர்களிடம் பாலியல் பேச்சு, பணம் பறிப்பது.

இதையெல்லாம் சம்பவத்துக்கு முன்பே செய்ய வேண்டும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1993-ல் லாம்ப்டாமூ என்ற, முழுக்க எழுத்தாலேயே ஆன ஆன்லைன் உலகத்தில் ஒரு பயனர் மற்றவர்களின் பாத்திரங்களைப் பாலியல் ரீதியாக இழிவுபடுத்தினார். என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள், முடிவு எட்டவில்லை. கடைசியில் நிர்வாக அதிகாரம் இருந்த ஒருவர் தன்னிச்சையாக அந்தப் பாத்திரத்தை நீக்கினார். நீக்கியது சரியா தப்பா என்பதைவிட, யார் எப்படி முடிவெடுப்பது என்று அங்கே எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதே பெரிய குறையாகத் தெரிந்தது. மனு கொடுத்து வாக்கெடுக்கும் முறை அதன் பிறகுதான் வந்தது. நீக்கப்பட்டவரோ வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டார்.

படி 2: புகாருக்கு ஒரே வாசல் வையுங்கள்

பல குழுக்களில் புகார் கொடுக்கும் வழி என்ன? தெரிந்த மாடுக்கு ஒரு டிஎம் (தனி மெசேஜ்) போடுவது. அங்கேயே பாரபட்சம் தொடங்குகிறது. மாடோடு தினமும் ஸ்க்ரிம் (பயிற்சி ஆட்டம்) ஆடுகிறவருக்குப் பத்து நிமிடத்தில் வேலை நடக்கும். புதிதாக வந்தவருக்கு யாரிடம் சொல்வதென்றே தெரியாது, தெரிந்தாலும் தயக்கம். பொது சேனலில் புகார் கொடுப்பது இன்னும் மோசம். அங்கே புகார் பஞ்சாயத்தாகி, ஆளாளுக்கு மீம் போட்டு, கடைசியில் புகார் கொடுத்தவரே கேலிப்பொருள் ஆவார்.

ஒவ்வொரு புகாரையும் தனி டிக்கெட்டாகப் பதியும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்றையோ, எழுதுவது எல்லா மாட்களுக்கும் ஒரே இடத்தில் தெரிகிற மாட்மெயில் பாட் ஒன்றையோ வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் எளிய படிவம் போதும். யாராவது டிஎம்மில் சொன்னால் மாட் அதை மறுக்க வேண்டாம், அதே இடத்தில் தீர்க்கவும் வேண்டாம். "இதை டிக்கெட்டாக நானே பதிந்துவிடுகிறேன்" என்று வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படிவத்தில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: என்ன நடந்தது, எங்கே, எப்போது, வேறு யார் இருந்தார்கள், இப்போது என்ன செய்தால் நிம்மதியாக இருக்கும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் பேன் கேட்பதில்லை. "என் டீமில் அவனைப் போடாதீங்க, போதும்" என்பதுதான் பதிலாக வரும்.

"ஆதாரம் இருந்தால்தான் புகார்" என்று போடாதீர்கள். வாய்ஸ் சாட்டில் நடப்பதற்கு யாரிடம் க்ளிப் இருக்கும்? குரலைக் கேட்டதும் பெண் என்று தெரிந்து தொந்தரவு செய்வது பெரும்பாலும் வாய்ஸில்தான் நடக்கிறது. ஆதாரம் கேட்கிற விதி, எழுத்தில் திட்டுபவரைப் பிடித்து, வாயால் திட்டுபவரைத் தப்பவிடும். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை. சொல்வதுதான் அவர் வேலை.

புகார் வந்ததும் ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், முடிவு எடுக்காவிட்டாலும். "உங்கள் புகார் கிடைத்தது. இரண்டு பேர் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்கிறோம். இடையில் மறுபடி ஏதாவது நடந்தால் இதே டிக்கெட்டில் எழுதுங்கள்." இவ்வளவு போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே ஆள்மீது ஒரே மாலையில் பதினைந்து புகார் வந்தால், பதினைந்து பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று பொருளில்லை. ஒரு கிளான் உட்கார்ந்து திட்டமிட்டு ரிப்போர்ட் அடித்திருக்கலாம். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் தாங்களே பார்த்ததைச் சொல்கிறார்கள், எத்தனை பேர் கேள்விப்பட்டதைச் சொல்கிறார்கள் என்று பிரியுங்கள். ஒரே சம்பவத்தைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே புகாராகச் சேர்த்துவிடுங்கள்.

படி 3: விசாரணைக்கு முன் ஆதாரத்தைக் காப்பாற்றுங்கள்

அவசரத்தில் மாட்களே ஆதாரத்தை அழித்துவிடுவது நான் அதிகம் பார்க்கிற கூத்து. டிஸ்கார்டில் ஒருவரை பேன் செய்யும்போது அவருடைய முந்தைய மெசேஜ்களை, அதிகபட்சம் ஏழு நாள் வரை, அழிக்கட்டுமா என்று ஒரு தேர்வு வரும். கோபத்தில் ஏழு நாளைத் தேர்ந்தெடுத்தால் அவர் திட்டியதும் போகும், அவரைச் சீண்டியவர்களுக்கு அவர் கொடுத்த பதிலும் போகும். பிறகு அப்பீல் வந்தால் யாரிடமும் எதுவும் இருக்காது. ஸ்பாம் பாட்டுக்கு மட்டும் அந்தத் தேர்வைப் பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியவை:

பெயரை நம்பாமல் ஐடியைக் குறியுங்கள். டிஸ்கார்டில் டெவலப்பர் மோடை இயக்கினால் எந்த உறுப்பினரின் எண் ஐடியையும் காப்பி செய்யலாம். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் 30 நாளுக்கு ஒருமுறை பெயரை மாற்ற முடியும், ஆனால் யூயூஐடி (அக்கவுண்டின் அடையாள எண்) நிலையானது. ஸ்டீமில் 17 இலக்க ஸ்டீம் ஐடி. பெயரை மட்டும் எழுதி வைத்த பதிவேடு ஒரு வருடத்தில் குப்பை.

ஸ்க்ரீன்ஷாட்டைச் சாட்சியாக எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். பிரவுசரில் இன்ஸ்பெக்ட் திறந்து எந்த மெசேஜையும் யாருடைய வாயிலும் திணித்துவிட்டுப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். மெசேஜ் லிங்க் கேளுங்கள், நீங்களே போய்ப் பாருங்கள். மேலே முப்பது, கீழே முப்பது மெசேஜ்களையும் சேர்த்துச் சேமியுங்கள். வெட்டி எடுத்த படத்தில் வெட்டப்பட்ட பகுதிதான் பல நேரம் முக்கியம்.

டிஸ்கார்டின் ஆடிட் லாக் (நிர்வாக நடவடிக்கைகளின் பதிவு) 45 நாள்தான் இருக்கும். ஒரு மாட் இன்னொருவரின் மெசேஜை அழித்தால் அதில் பதிவாகும். எழுதியவரே அழித்தால் பதிவாகாது. எடிட் செய்ததற்கு அடையாளம் தெரியும், பழைய வாசகம் தெரியாது. ஆகவே மெசேஜ்களைப் பதிந்து வைக்கும் லாகிங் பாட் ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும்; இருப்பதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

கேமுக்குள் நடந்ததற்கு கேமின் பதிவையே தேடுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் டெமோ ஃபைல் (ஆட்டத்தின் பதிவு). மைன்கிராஃப்ட் சர்வரில் கோர்ப்ரொடெக்ட் மாதிரி ஒரு ப்ளகின் இருந்தால் எந்த ப்ளாக்கை யார் எப்போது உடைத்தார், எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்று வரிசையாகக் காட்டும். "அவன்தான் என் வீட்டை இடிச்சான்" என்ற புகாரில் பாதிக்கு மேல் விசாரணையே இல்லாமல் அங்கேயே முடிந்துவிடும்.

வாய்ஸ் சாட்டில் நடந்ததற்கு, அங்கே இருந்தவர்களைத் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். ரகசியமாக வாய்ஸைப் பதிவு செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். சொல்லாமல் பதிவு செய்வது பல நாடுகளில் சட்டப்படி தப்பு.

இதற்கெல்லாம் விதிவிலக்கு ஒன்று: சிறுவர்களின் பாலியல் படம் எதுவும் வந்தால் அதைச் சேமிக்காதீர்கள், மாட் சேனலில் பகிராதீர்கள். வைத்திருப்பதே குற்றம். அது இருந்த இடத்திலிருந்தே அந்தத் தளத்துக்கு ரிப்போர்ட் செய்யுங்கள். உங்கள் நாட்டின் காவல் துறைக்கோ புகார் மையத்துக்கோ தெரிவியுங்கள். உங்கள் விசாரணையெல்லாம் அப்புறம்.

படி 4: யார் பார்ப்பது என்பதைப் புகார் முடிவு செய்யட்டும்

இயற்கை நீதி என்று சட்டத்தில் சொல்வது இரண்டே விஷயம். தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகக் கூடாது. மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. முதலாவதுக்கு, மாட் டிக்கெட்டை எடுக்கும் முன் தன்னையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்: இந்த இருவரில் யாருடனாவது நான் வாரா வாரம் ஆடுகிறேனா? இந்த முடிவால் என் டீமுக்கோ கிளானுக்கோ ஏதாவது லாபமோ நஷ்டமோ உண்டா? இவருடன் எனக்குப் பழைய தகராறு உண்டா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் விலகிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இது நான் வேண்டாம்" என்றால் அடுத்தவர் எடுக்க வேண்டும். விலகியவர் அந்த டிக்கெட்டில் கருத்தும் சொல்லக் கூடாது. அதைத்தான் பலர் மறக்கிறார்கள். விலகிவிட்டு, மாட் சேனலில் "ஆனா அவன் நல்ல பையன்தான்" என்று ஒரு வரி போட்டால் விலகியதற்கு அர்த்தமில்லை.

அரை டஜன் பேர் இருக்கும் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள்தான். அதற்கு நல்ல வழி, அதே கேமை ஆடும் வேறொரு குழுவின் மாடோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்வது. உங்கள் சிக்கலான புகாரை அவர் பார்ப்பார், அவர்களுடையதை நீங்கள்.

மாட்மீதே, குழு நடத்துகிறவர்மீதே புகார் என்றால்? ஈவ் ஆன்லைனை நடத்தும் சிசிபி நிறுவனத்தில் 2007-ல் இது பெரிதாக வெடித்தது. டெவலப்பர் ஒருவர் தான் ஆடிய கூட்டணிக்கு அரிய ப்ளூபிரிண்ட்களை (கேமில் பொருள் தயாரிக்க உதவும் வரைபடங்கள்) முறைகேடாகக் கொடுத்தது வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஊழியர்களையே கண்காணிக்க உள்விவகாரப் பிரிவு ஒன்றை நிறுவனம் அமைத்தது. 2008-லிருந்து ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலும் வந்தது. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது. மாட்மீதான புகார் அந்த மாடின் கண்ணில் படாத தனி வழி ஒன்று, அதைப் பார்க்க இருவர், அவ்வளவுதான். ஓனர்மீதான புகாரை வெளிக்குழு ஆள் ஒருவரிடம் கொடுங்கள். கடைசியில் சர்வர் ஓனர் கையில்தான் இருக்கிறது, யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த உண்மையையும் விதிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மூடி மறைப்பதைவிட அது மேல்.

படி 5: மறுதரப்பைக் கேளுங்கள், முழு வரிசையையும் பாருங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கேமிங் குழுக்களில் நடக்கிற அநியாயங்களில் அதிகம் நடப்பது, கடைசியாகக் கத்தியவரைத் தண்டிப்பது. ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம்.

8:10-க்கு வாய்ஸில் ஒருவர் இன்னொருவரின் உச்சரிப்பைக் காப்பி அடித்துச் சிரிக்கிறார். 8:25-க்கு மறுபடி. 8:40-க்கு அதே கிண்டல் டிஎம்மில். 8:52-க்குப் பொது சேனலில் பார்க்க அப்பாவியான ஒரு எமோஜி. இருவருக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். 8:53-க்குப் பாதிக்கப்பட்டவர் பொது சேனலில் நான்கு வரி கெட்ட வார்த்தை. 8:54-க்கு மாட் வருகிறார். அவர் பார்ப்பது நான்கு வரியும் ஓர் எமோஜியும். யாருக்கு டைம்அவுட் விழும் என்று சொல்லத் தேவையில்லை. சீண்டுவதில் கை தேர்ந்தவர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். மாட் கண்ணில் படும் இடத்தில் தங்கமாக இருப்பார்கள்.

நான்கு வரிக்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. விதியை மீறியது மீறியதுதான். ஆனால் வரிசை முழுவதும் மேசைக்கு வர வேண்டும், 8:10-ம் ஒரு புகாராகப் பதிவாக வேண்டும். அதற்கு, வெடித்த ஆளிடம் மாட் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் இப்படிப் பேசினாய்" இல்லை. "இதற்கு முன் என்ன நடந்தது, எப்போது தொடங்கியது" என்பதுதான்.

புகாருக்கு உள்ளானவருக்கு எழுதும்போது முடிவைச் சொல்கிற தொனி வேண்டாம். இப்படி எழுதலாம்: "நேற்று இரவு ரேங்க் மேட்ச் வாய்ஸ் சேனலில் நடந்ததைப் பற்றி ஒரு புகார் வந்திருக்கிறது. உச்சரிப்பைக் கேலி செய்ததாகச் சொல்லப்படுகிறது. இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை. உங்கள் தரப்பில் என்ன நடந்தது என்று 48 மணி நேரத்துக்குள் எழுதுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்று தேடிப்போய்ப் பேசாதீர்கள். பேசினால் அது தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்." சம்பவத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். சில சமயம் சம்பவத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அப்போது புகார் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இருவரையும் ஒரே காலில் போட்டுப் "பேசித் தீர்த்துக்கோங்க" என்பது சின்ன மனஸ்தாபத்துக்குச் சரி. தொந்தரவுப் புகாருக்கு அது கொடுமை.

மிரட்டல், முகவரி வெளியீடு மாதிரி உடனடி ஆபத்து என்றால் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் டைம்அவுட் கொடுத்து வாயை மூடுங்கள். டிஸ்கார்ட் ஆப்பில் ஒரு நிமிடத்திலிருந்து ஒரு வாரம் வரை கொடுக்கலாம். அது தண்டனை இல்லை, தற்காலிக ஏற்பாடு என்று எழுதிவிட்டு, அதன் பிறகு கேளுங்கள்.

படி 6: பெயரை மறைத்து முடிவெடுங்கள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் கேமில் 2013-ல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த ஓவர்வாட்ச் முறையைப் பாருங்கள். ஏமாற்றுவதாகப் புகார் வந்தவரின் ஆட்டப் பதிவை அனுபவசாலி ஆட்டக்காரர்கள் பார்த்து முடிவு சொன்னார்கள். அதில் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன, சாட்டும் வாய்ஸும் இருக்கவில்லை. சொல்லக்கூடிய பதில் இரண்டுதான்: நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது, அல்லது ஆதாரம் போதாது. "குற்றமற்றவர்" என்று ஒரு பட்டனே இருக்கவில்லை. நன்றாக யோசித்த அமைப்பு. "போதாது" என்று சொல்வதில் வெட்கமில்லை என்று அது கற்றுக்கொடுக்கிறது.

உங்கள் குழுவில் இதைக் கையாலேயே செய்யலாம். புகாரைப் பதிவு செய்த மாட், லாகை ஒரு டாக்குமென்ட்டில் ஒட்டி, பெயர்களை ஆள் 1, ஆள் 2 என்று மாற்றி, ரோல் (குழுவில் ஒருவரின் பொறுப்பு) நிறங்களையும் படத்தையும் எடுத்துவிட்டு இன்னொரு மாடிடம் கொடுக்கட்டும். சின்னக் குழுவில் பேச்சு நடையிலேயே ஆள் தெரிந்துவிடும், உண்மைதான். அப்போதும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது: இதையே நம் டோர்னமெண்ட் கேப்டன் எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம்? நேற்று சேர்ந்தவர் எழுதியிருந்தால்? சர்வருக்குப் பணம் தருகிறவர்? இரண்டு பதில் வந்தால், இரண்டும் தப்பு என்று வைத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

இரண்டு கேள்விகளைக் கலக்காதீர்கள். ஒன்று, இது நடந்ததா? இரண்டு, நடந்தது என்றால் என்ன தண்டனை? பழைய பதிவேட்டை இரண்டாவது கேள்விக்கு மட்டும் திறங்கள். "அவன் எப்பவும் அப்படித்தான்" என்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. கெட்ட பெயர் எடுத்தவர்மீது பொய்ப் புகார் கொடுப்பதுதான் எளிது என்பதை நினைவில் வையுங்கள். நல்ல பெயருக்கும் இதே விதி. "மூணு வருஷமா இருக்கார், இப்படியெல்லாம் செய்ய மாட்டார்" என்பதும் முதல் கேள்விக்குள் நுழையக் கூடாது.

அழகாக எழுதத் தெரிந்தவர்மீது இரக்கம் அதிகம் வரும் என்பதையும் கவனியுங்கள். ஒருவர் தேதி, நேரம், லிங்க் எல்லாம் போட்டுப் பத்தி பிரித்து எழுதுவார். இன்னொருவர் ஒரே மூச்சில், எழுத்துப்பிழையோடு, பாதி கோபமாகக் கொட்டுவார். எழுதும் திறமை வேறு, உண்மை வேறு.

ரயட் கேம்ஸ் 2011-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ட்ரிப்யூனல் என்று ஒன்று நடத்தியது. புகார் வந்தவர்களின் சாட் லாகை ஆட்டக்காரர்களே படித்துத் தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று வாக்களிப்பார்கள். 2014-ல் அது நிறுத்தப்பட்டது. தொடக்கத்தில், பெரும்பான்மையோடு ஒத்துப்போன வாக்குக்குக் கேமில் செலவழிக்கும் பாயிண்ட் கிடைத்தது. படிக்காமலே தண்டனைப் பட்டனை அழுத்தும் ஆசையை அப்படி ஒரு பரிசு வளர்க்கும் என்பதை யூகிக்கலாம். "இந்த மாதம் அதிக ஆக்‌ஷன் எடுத்த மாட்" என்று பட்டியல் போட்டுக் கொண்டாடும் குழுக்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

படி 7: முடிவைக் காரணத்தோடு சொல்லுங்கள்

தண்டிக்கப்பட்டவருக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எந்த மெசேஜ் அல்லது செயல், எந்த விதி, என்ன தண்டனை எத்தனை நாள், எப்படி அப்பீல் செய்வது. "விதிமீறலுக்காக நீக்கப்பட்டீர்கள்" என்ற மொட்டை வரி யாரையும் திருத்தியதில்லை. அடுத்த அக்கவுண்ட் தொடங்கத்தான் தூண்டும்.

புகார் கொடுத்தவருக்கும் பதில் உண்டு. "பார்த்தோம், விதிமீறல் என்று முடிவு செய்தோம், நடவடிக்கை எடுத்திருக்கிறோம்." அல்லது, "பார்த்தோம், உறுதி செய்யப் போதிய பதிவு கிடைக்கவில்லை. நீங்கள் பொய் சொன்னதாக இதற்கு அர்த்தம் இல்லை. இருவரையும் ஒரே டீமில் போடாமல் பார்த்துக்கொள்கிறோம். மறுபடி நடந்தால் இந்த டிக்கெட்டையும் சேர்த்துப் பார்ப்போம்." இந்த இரண்டாவது பதிலை எழுதப் பழகுங்கள். நடைமுறையில் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

பேன் ஆனவரின் பெயரைப் பொது சேனலில் போட்டுக் கும்மியடிப்பதை அனுமதிக்காதீர்கள்.

படி 8: அப்பீலை வேறு ஆள் பார்க்கட்டும்

முதல் முடிவெடுத்தவர் அப்பீலைப் பார்க்கக் கூடாது. இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். அப்பீலில் தண்டனை குறையலாம், அப்படியே இருக்கலாம், ஏறக் கூடாது. ஏறும் என்று தெரிந்தால் நியாயமான ஆள்கூட வாயைத் திறக்க மாட்டார். எந்தக் காரணங்களை ஏற்பீர்கள் என்றும் சொல்லுங்கள்: புதிய ஆதாரம், தவறாகப் பொருத்திய விதி, இதே செயலுக்கு இன்னொருவருக்குக் கிடைத்த குறைந்த தண்டனை, விலகியிருக்க வேண்டிய மாட் விலகாதது. மூன்றாவது காரணத்தைக் கண்டு பல நிர்வாகிகள் பயப்படுகிறார்கள். உங்கள் பதிவேடு ஒழுங்காக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

முடிவு தப்பு என்று தெரிந்தால் பேனை நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். ரோல், டீம் இடம், ரேங்க் எல்லாம் திரும்ப வர வேண்டும். பேன் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அவர் விரும்பினால், நீக்கமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களையே தணிக்கை செய்யுங்கள்

ஒற்றை வழக்கைப் பார்த்துப் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். மொத்தமாக வரிசை போட்டால்தான் தெரியும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரி வைத்த எளிய ஸ்ப்ரெட்ஷீட் போதும்: தேதி, ஐடி, விதி எண், தண்டனை, பார்த்த மாட், எத்தனை மணி நேரத்தில் முதல் பதில், அப்பீல் உண்டா.

அதில் கேட்க வேண்டியவை: ஒரே விதி எண்ணுக்குப் பழைய உறுப்பினர்கள் எச்சரிக்கையோடு போக, புதியவர்கள் பேன் ஆகியிருக்கிறார்களா? கிளான் ஆட்களின் புகாருக்கு முதல் பதில் சீக்கிரம் போகிறதா? ஒரு மாட் மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கடுமையாக இருக்கிறாரா? எந்த வகை ஆட்களிடமிருந்து புகாரே வரவில்லை? கடைசிக் கேள்விக்குப் பதில் ஷீட்டில் இருக்காது. பெண் உறுப்பினர்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை என்றால் குழு சொர்க்கமாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். சொல்லிப் பயனில்லை என்று விட்டிருக்கலாம். வெளியேறியவர்களில் சிலரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கூடவே, முடிந்துபோன சில வழக்குகளைப் பெயர் மறைத்து வேறு மாடிடம் கொடுத்து, முதலில் வந்த முடிவோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி மாறினால் விதியின் வாசகம் தெளிவாக இல்லை, அல்லது மாட்களிடையே பேச்சு இல்லை.

தானியங்கி வடிகட்டியையும் தணிக்கைக்குள் கொண்டுவாருங்கள். 1996-ல் ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி, ஸ்கன்தார்ப் என்ற இங்கிலாந்து ஊர்க்காரர்களை அக்கவுண்ட் தொடங்க விடவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். டிஸ்கார்டின் ஆட்டோமாட் என்ற வடிகட்டிக்கும் பெரும்பாலும் வார்த்தைப் பட்டியல்தான் கண். பட்டியல் ஒரே மொழியில் இருந்தால் அந்த மொழி பேசுபவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். வேறு மொழியில், அல்லது ஒரு மொழியை இன்னொரு மொழி எழுத்தில் எழுதித் திட்டுபவர்கள் ஜாலியாகத் திரிவார்கள். வடிகட்டி நேரடியாகத் தண்டனை கொடுக்க வேண்டாம். நிறுத்தி வைத்து மாடிடம் காட்டட்டும். அவரவர் மொழி தெரிந்த ஒருவரை மாட் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தணிக்கையின் முடிவைப் பெயர்கள் இல்லாமல் உறுப்பினர்களுக்கு வெளியிடுங்கள்: எத்தனை புகார், எத்தனை உறுதியானது, எத்தனை அப்பீல் வென்றது, எந்த விதியை மாற்றினோம். நீளம் வேண்டாம், ஒரு பத்தி போதும்.

மாட்கள் பற்றி ஒரு பின்சேர்க்கை

மாட்களும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் ஆட்டக்காரர்கள்தான். தினமும் வசவு படிக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் எல்லாப் புகாரும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவுகள் கோணலாக வரும். தொந்தரவுப் புகார்களை ஒரே ஆள் தொடர்ந்து பார்க்காதபடி மாற்றி மாற்றிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு வாரம் கட்டாய ஓய்வு வையுங்கள், அந்த நாட்களில் மாட் ரோலையே எடுத்துவிடுங்கள். டோர்னமெண்ட் நாளில், ஆடுகிற மாட் யாருக்கும் பேன் அதிகாரம் இருக்கக் கூடாது. ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அன்றே அனுமதிகளையும் பாட் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டு, அவர் கையில் முடியாமல் இருக்கும் டிக்கெட்டுகளை அடுத்தவர் பெயருக்கு எழுத்தில் மாற்றிக் கொடுங்கள்.